மோப்பக் குழலின் மூடி

1

இந்தக் கதை ஒரு வாசனையில் தொடங்கியது என்று எழுதி அடித்துவிட்டேன். ஒரு பதிலில் தொடங்கியது. சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த கம்பெங், முகம் வெளிறிய நிலையில், "லேசாத்தான் இருக்கு" என்றாளாம். சந்தையில் இதை எனக்குச் சொன்ன அவள் தோழி புவாதிப், சிரிக்கப் பார்த்தாள்.

2

'எழுபத்தொரு வயது இதயம் ஒரு பறவையைப் போல...' வேண்டாம்.

லம்பூன் ஊரில் கோபுரத் திருவிழாவுக்குப் பெண்கள் விரல்களில் நீளமான பித்தளை நகங்கள் மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் ஆடுவார்கள். குமரியாக இருந்த காலம் முதல் கம்பெங்குக்கு முன்வரிசை, பக்கத்தில் புவாதிப். போன வருடம் ஒருத்தி மயங்கி விழுந்ததால், இம்முறை வயதானவர்கள் பல்கலைக்கழகத்தில் நகராத சைக்கிளை மிதித்து, இதயம் தாங்கும் என்று காட்ட வேண்டும் என்று கோயில் குழு சொல்லிவிட்டது. அங்கே ஆசிரியை ரவீவன், ஆரஞ்சுத் தோல் எண்ணெயை மோந்தபடி மிதித்தால் இதயம் எப்படித் துடிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவரவர் யாதோம் கொண்டுவரக் கூடாது என்பது கட்டளை.

(யாதோம் என்கிற அந்த மோப்பக் குழல் இல்லாமல் இங்கே யாரும் பஸ்கூட ஏறுவதில்லை. வெயில், வாந்தி, துக்கம் எல்லாவற்றுக்கும் அதுதான். நெஞ்சை அடைத்தால் அது வாயு; மோந்தால் போய்விடும்.)

3

"எப்படி இருக்கு பெரியம்மா? லேசா, கஷ்டமா?" என்று கேட்டாள் ரவீவன்.

"ஊதித் தள்ளிருவேன்."

"ஊதறதுக்கு மூச்சு வேணும்டி," என்றாள் அடுத்த நாற்காலியில் இருந்த புவாதிப்.

ரவீவன் ஏதோ வயரைச் சரிசெய்யக் குனிந்தாள். அப்போதுதான் கம்பெங்கின் உதட்டில் நிறம் போனது. "வாயு," என்று முணுமுணுத்தாள். டீச்சர் பார்த்தால் நிறுத்திவிடுவாள். புவாதிப் ரவிக்கைக்குள் ஒளித்திருந்த குழலை எடுத்து அவள் மூக்கில் வைத்தாள்.

(கை நடுங்கியது என்று முதலில் எழுதினேன். நடுங்கவில்லை. காலமெல்லாம் ஒருவருக்கொருவர் நீட்டிப் பழகிய கை.)

"இப்ப சொல்லுங்க பெரியம்மா."

"லேசாத்தான் இருக்கு."

ரவீவன் திரையைப் பார்த்தாள். "நெஞ்சு இவ்வளவு வேகமா அடிக்குதே?"

"உங்களப் பாத்த பயம் டீச்சர்," என்றாள் புவாதிப். அறையே சிரித்தது. ரவீவனும் சிரித்துக்கொண்டே தலையசைத்தாள். கம்பெங் ஆடலாம்.

4

திருவிழாவுக்கு முந்தின நாள் ரவீவன் சந்தைக்கு வந்தாள். ஆராய்ச்சி என்னவாயிற்று என்று புவாதிப் சும்மா கேட்டுவைத்தாள்.

"ஆரஞ்சு வாசனை நெஞ்சைத் தொடவே இல்ல பெரியம்மா. அது பாட்டுக்கு அடிச்சுது. களைப்பா இருக்குன்னு சொல்ற வாயைத்தான் மாத்திருச்சு."

புவாதிப் காய்களை அப்படியே வைத்துவிட்டுக் கம்பெங் வீட்டுக்கு நடந்தாள். கம்பெங் நகங்களைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருசம் நாம உக்காந்து பாப்பமா?"

"உனக்குக் கால் வலிச்சா நீ உக்காரு."

"கால் இல்லடி. அன்னைக்கு நான் உனக்கு..."

[வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நான் பலமுறை முடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கம்பெங் துலக்குவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையைத் தாண்டி எழுத வரவில்லை.]

5

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் கம்பெங் ஆடி முடித்து, வீடு திரும்பி, நூடுல்ஸ் சாப்பிடுகிறாள். இன்னொன்றில் விழுகிறாள். முதலாவதைக் கொடுத்தால் உங்களுக்கு லேசாக இருக்கும். அவள் நெஞ்சு அது பாட்டுக்கு அடிக்கும். புவாதிப் செய்ததையே நானும் செய்ய வேண்டுமா? இரண்டாவதில், அவள் விழுந்தது என் கதை முடிவதற்காக மட்டும்தான். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

6

மேளம் தொடங்கிவிட்டது. முன்வரிசையில் இருவரும். தெருமுனையில் கம்பெங்கின் உதட்டில் மறுபடி நிறம் போகிறது. இடுப்புப் பட்டையில் செருகிய குழலை இரண்டு நகங்களால் கவ்வி எடுக்கிறாள். மூடி திருகு மூடி. பித்தளை நகம் போட்ட விரலால் அதைத் திறக்க முடியாது. புவாதிப்பிடம் நீட்டுகிறாள். புவாதிப்பின் விரல்களிலும் நகங்கள். அவற்றைக் கழற்றலாம். அவள் கழற்றவில்லை.

கம்பெங் வரிசையை விட்டு ஓரத்துக்கு வருகிறாள். அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள், வெறும் விரல்களோடு.

"ஒண்ணுமில்ல, வாயுதான்," என்கிறாள். "இந்த மூடியக் கொஞ்சம் திறந்து குடுங்க."