பன்னிரண்டாம் பீப்பாய்

எங்கள் வினிகர் தொழிற்சாலையை மறுபடி திறக்கலாம் என்று அக்கா சொன்னதும் முதலில் துடைப்பத்தை எடுத்தவள் நான்தான். எனக்கு அழுக்கு என்றால் ஆகாது. பதினொரு வருடம் பூட்டிக் கிடந்த இடம். ஓடு மாற்றி, சுவர் பூசி, பதினோரு பீப்பாய்களைத் தேய்த்துக் காயவைத்தாயிற்று. பன்னிரண்டாவதை மட்டும் பீப்பாய்க்காரர் தொடவிடவில்லை. தாத்தா காலத்து ஆள். பூட்டியிருந்த காலத்திலும் வாராவாரம் பின்கதவு வழியாக வந்து, தானே பழம் பிழிந்து அதில் ஊற்றியிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"பாப்பா, மகளுக்குப் பிரசவம். மூணு நாள் வரமாட்டேன். அதுல மட்டும் கை வச்சுடாதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். காதில் விழாமல் இல்லை. இந்தப் பழைய ஆட்கள் எதைத்தான் தொடவிட்டார்கள் என்று எனக்குள் ஒரு திமிர். மூடியைத் திறந்தால், ஐயே! மேலே வழவழவென்று தோல் மாதிரி ஏதோ மிதந்தது. எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் வாசல் பலகைக்குத் தொழிற்சாலையின் வரலாற்றை எழுத உட்கார்ந்தேன். தாத்தாவின் நோட்டில் இருந்தது: 'பன்னிரண்டைக் கழுவக் கூடாது. மிதக்கும் ஆடைதான் உறை. இதிலிருந்து மொண்டு ஊற்றினால்தான் மற்றதெல்லாம் புளிக்கும்.' அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் வெளியூர்க் கடையில் கேன் கேனாக வினிகர் வாங்கிவந்து ஊற்றி மூடினேன். வினிகர்க்காரர் வீட்டுப் பெண் கடை வினிகர் வாங்கினாள், கேவலம்! போதாததற்குப் பலகையில், 'அறுபது ஆண்டுகளாக உயிரோடிருக்கும் உறை' என்று என் கையாலேயே எழுதினேன்.

திரும்பி வந்த பீப்பாய்க்காரர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஆடை அடியில இறங்கிடுச்சுபோல," என்று முணுமுணுத்துக்கொண்டே பதினோரு பீப்பாய்களிலும் புதிதாகப் பழச்சாறு நிரப்பி அதைக் கலந்தார். ஒரே மாதத்தில் பதினொன்றிலும் பூஞ்சை பிடித்தது.

அக்கா அவரைக் கூப்பிட்டாள். "உங்களுக்கும் வயசாயிடுச்சுண்ணே. நாளையிலேருந்து வீட்டுல ஓய்வா இருங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடுங்க பாப்பா. அன்னைக்கே ருசி மாறித்தான் தெரிஞ்சுது. என் நாக்குதான் செத்துப்போச்சுன்னு பயந்து வெளிய சொல்லல. சொல்லியிருந்தா சாறாவது மிஞ்சியிருக்கும்."

அந்த மனுஷன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன்.

"உங்க நாக்கு நல்லாத்தாண்ணே இருக்கு. நான்தான் கழுவிட்டேன். கழுவிட்டுக் கடைச் சரக்க ஊத்தி வச்சேன்."

"அடிப்பாவி!" என்றாள் அக்கா.

அவரும் திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவரோ பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"பச்சத் தண்ணியிலதானே பாப்பா கழுவுனீங்க? மரத்துக்குள்ள கொஞ்சமாவது ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"வெந்நீர்ண்ணே."

"சலவைச் சோடா ஏதும் போடலயே?"

"போட்டேன். ரெண்டு தடவ."

அவர் என் கையை விட்டுவிட்டார்.