டெலி என்றால் தூரம்

அகராதி அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘முன்னொட்டு’ என்றே கூப்பிட்டார்கள். சொற்களின் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் அந்நியத் துண்டுகளுக்குப் பொருளும் பிறப்பும் எழுதுவது அவர் வேலை. மனைவி இறந்துபோன பிறகு எதிலும் ஒட்டாமல் கிடந்த மனிதருக்கு வைக்கிற பட்டப்பெயரா இது என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை.

இந்த வாரம் அவர் மேசைக்கு வந்தது ‘டெலி’. பொருள் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கிரேக்கத்தில் ‘தேலே’ என்றால் தூரத்தில். தூரத்துக் குரல் டெலிபோன். தூரத்தில் இருப்பதைக் காட்டுவது டெலஸ்கோப். டெலிவிஷனில் மட்டும் முன்பாதி கிரேக்கம், பின்பாதி லத்தீன். இரண்டு வீட்டுக்கும் சொல்லாமல் நடந்த கல்யாணம் என்று சொல்லி, ஒரு காலத்தில் மகளைச் சிரிக்க வைத்திருக்கிறார்.

சிக்கல் மேற்கோளில்தான். பொருளை விளக்கும் வாக்கியத்தை உட்கார்ந்து புனையக் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். யாரோ ஒருவர் உண்மையிலேயே சொன்னதாக இருக்க வேண்டும்; சொன்னது யார் என்றும் போட வேண்டும். அதனால் அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் காது எப்போதும் அடுத்தவர் பேச்சில்தான். பல் வைத்தியரிடம் போனாலும், சாவு வீட்டுக்குப் போனாலும் சட்டைப்பையில் குறித்துக்கொள்ள அட்டை இருக்கும்.

அந்தப் பழக்கம்தான் அவர் குடியைக் கெடுத்தது. நாலு வருடத்துக்கு முன்னால், மகளை விட்டுவிட்டு அவள் கணவன் போய்விட்டான். “ஒத்தத் தட்டக் கழுவி வெக்கறதுக்கு எதுக்குப்பா இவ்ளோ பெரிய வீடு” என்று அவள் போனில் அழுதாள். இவர் ஆறுதல் சொன்னார், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் கை பென்சிலைத் தேடியது. அந்த மாதம் அவர் எழுதிக்கொண்டிருந்தது ‘மோனோ’, ஒற்றை, தனி. வாக்கியம் கச்சிதமாகப் பொருந்தியது. கீழே ‘பதிப்பாசிரியரின் மகள்’ என்று பெருமையாக வேறு போட்டார். படித்தவன் புத்தி கெட்டால் ஊர் தாங்காது.

மகள் பள்ளி ஆசிரியை. அச்சான தொகுதி அவள் பள்ளி நூலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஆசிரியர்கள் அறையில் ஒருவர் அந்த வரியைச் சத்தமாக வாசிக்க, இவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாளாம். மூன்றே வரியில் அப்பாவுக்கு எழுதினாள். அந்தத் தொகுதியிலேயே சிறந்த மேற்கோள் அதுதான் என்று இவர் பதில் போட்டார். அதோடு பேச்சு நின்றது. மூன்று வருடமாகிறது.

டெலிக்கு வாக்கியம் தேடும்போதுதான் அவருக்கு உறைத்தது, தன்னிடம் யாரும் எதுவும் சொல்லி வெகு நாளாகிறது. மாடிவீட்டுக்காரர் தலையை ஆட்டுவதோடு சரி. வீட்டில் வாய் திறப்பது குக்கர் ஒன்றுதான். தனிமை அவரைப் பிடுங்கித் தின்றது. சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, அலுவலகப் போனை எடுத்து மகளின் எண்ணைச் சுழற்றினார். யாரோ என்று நினைத்துத்தான் அவள் எடுத்திருக்க வேண்டும்.

“நான்தாம்மா.”

“கையில பென்சில் இருக்கா?” என்றாள்.

இருந்தது. பழக்கதோஷம். கீழே வைத்தார். “வெச்சுட்டேன்.”

“நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லப்பா. சொன்னா நீங்க எடுத்துப்பீங்க. வேணும்னா நீங்க பேசுங்க, கேக்கறேன்.”

முப்பது வருடம் அடுத்தவர் வார்த்தையைப் பொறுக்கியவருக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை அகப்படவில்லை. கிரேக்கத்தில் தேலே என்றால் என்று ஆரம்பித்தார். டெலிபோனைச் சொன்னார், டெலஸ்கோப்பைச் சொன்னார். பாடம் தீர்ந்துவிட்டது, அவள் போனை வைக்கவில்லை.

“நான் பண்ணது தப்பும்மா. அன்னிக்கு நீ அழுதே. நான் அதக் கேக்கல. நீ சொன்ன வாக்கியத்தத்தான் கேட்டேன்.”

அவள் அழத் தொடங்கினாள். அதில் வார்த்தை ஒன்றும் இல்லை. அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.