ஆரஞ்சுத்தோல் மணக்கும் வீடு

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் தினமும் காலையில் ஜூஸ் கடை வாசலில் பையோடு வந்து நின்றால் கடைக்காரன்தான் என்ன நினைப்பான்?

"அண்ணே, எத்தனை ஆடு வளக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டான்.

"ஆடும் இல்ல, மாடும் இல்ல. தோலைப் போடுப்பா."

அவன் பிழிந்து தள்ளிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலெல்லாம் அவர் பைக்குள் போகும். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறுவார். அங்கே அவர் ஒண்டிக்கட்டை.

விஷயம் இதுதான். மனைவி இறந்த மறுவருஷம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கிலிருந்த வாசனையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டது. சோப்பை மூக்கோடு வைத்துத் தேய்த்தாலும் ஒன்றும் தெரியாது. போனால் போகட்டும், முப்பது வருஷம் பஸ்ஸில் முகர்ந்த வியர்வை போதாதா என்று விட்டுவிட்டார். அப்புறம் ஒருநாள் தங்கை மகன் வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான். காபியைப் பாதியில் வைத்துவிட்டு, "வேலை இருக்கு மாமா" என்று கிளம்பிப் போனவன்தான். அவனுக்குப் பிறகு வேறு யாரும் வரவில்லை.

கண்டக்டர் மண்டையைக் குடைந்து ஒரு முடிவுக்கு வந்தார். வீடு நாறுகிறது. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, முகத்துக்கு நேரே சொல்லத்தான் கூச்சம். யாரிடமாவது கேட்டுவிடலாம் என்றால் அவருக்கும் அதே கூச்சம்.

அன்றிலிருந்து தோலே கதி. பிழிந்த எலுமிச்சை மூடியை உப்பில் தொட்டு சிங்க்கைத் தேய்த்தார். கெட்டிலில் தோலைப் போட்டுக் கொதிக்கவிட்டு அடியில் படிந்திருந்த உப்பைக் கரைத்தார். ஆரஞ்சுத் தோலை வினிகரில் இரண்டு வாரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரால் தரையைத் துடைத்தார். பால்கனியில் காயவைத்த தோல் துணிமூட்டையாக அலமாரிக்குள் போனது. செருப்பு வைக்கும் இடத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. தினமும் மாலையில் ஒரு பாத்திரம் தண்ணீரில் நாலு கிராம்போடு தோல் கொதிக்கும். வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டுமே என்று, தோலை மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்துக் கசப்பைப் போக்கி, சர்க்கரைப் பாகில் போட்டு ஒரு ஜாடி நிறைய வைத்திருந்தார். வருகிறவர்கள் யார் என்று கேட்காதீர்கள், பாவம்.

ஒரு வருஷம் போயிற்று. ஒரு மாலை மேல்மாடி நர்ஸம்மா கதவைத் தட்டினாள். அவள் மகனின் சட்டை இவர் பால்கனியில் விழுந்திருந்தது. உள்ளே வந்து, ஹாலைக் கடந்து, சட்டையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். கண்டக்டர் வாசலில் குறுக்கே போய் நின்றார். இப்போது விட்டால் இன்னொரு ஆள் எப்போது கிடைக்கும்?

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. எனக்கு மூக்கு வேலை செய்யறதில்ல. இந்த வீடு நாறுதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாறுதாவா? நல்லா கேட்டீங்க போங்க! டூட்டி முடிஞ்சு படியேறி வரும்போது உங்க கதவுகிட்ட ஒரு நிமிஷம் நின்னு மூச்சு இழுத்துட்டுத்தான் மேல போவேன். எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். நாலாவது மாடி டீச்சர்கூட நிப்பாங்க."

"இங்கயா? என் கதவுகிட்டயா?"

"தினமும் அங்கிள். ஒரு வருஷமா."

"அப்ப... தட்டியிருக்கலாமே."

"உங்கள ஏன் தொந்தரவு பண்ணணும்னுதான்."

அவர் ஜாடியைத் திறந்து நீட்டினார். "குக்கர் வெச்சுட்டு வந்துட்டேன், இன்னொரு நாள்" என்று அவள் படியேறினாள்.

கண்டக்டர் கதவைச் சாத்தவில்லை. யாரும் வராததற்கு நாற்றம்தான் காரணம் என்றால் தேய்க்கலாம், ஊறவைக்கலாம், கொதிக்கவிடலாம். இதை எதைப் போட்டுத் தேய்ப்பது? ஜாடியோடு படிக்கட்டுவரை போய் அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, கொஞ்சம்கூடவா நாறல?"

"சத்தியமா இல்ல அங்கிள்!" என்று மேலிருந்து சந்தோஷமாகக் குரல் வந்தது. பிறகு கதவு சாத்திக்கொண்டது.