நாலு மணி பஸ் வருமுன்

எங்கள் வீட்டு அடுப்பை இருபத்துநான்காம் தேதி யார் முதலில் பற்றவைக்கிறார்களோ, அவர்கள் கையில்தான் அந்த வருட கிறிஸ்மஸ். பதினெட்டு வருடமாக அது என் மூத்த நாத்தனார் இராஜம்மாவின் கையில் இருந்தது. நாலு மணி பஸ்ஸில் ரவாங்கிலிருந்து வந்து இறங்குவாள். கையில் ஐந்து கிலோ ஆட்டிறைச்சி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் அடுப்பின் முன் உட்கார்ந்துவிட்டால், வீட்டுக்காரி நான் வெங்காயம் உரிக்கிற கூலிக்காரி. தேங்காய்ப்பால் ஊற்றிய ஆட்டுக்கறி, நெய்ச்சோறு, பொரித்த கோழி என்று எங்கள் லயத்து வரிசை வீட்டு ஜனம் நாற்பது பேருக்கும் அவளே ஆக்கிப்போட்டு, பேரையும் அவளே வாங்கிக்கொண்டு போவாள். போகட்டும், பண்டிகை நாளில் எதற்குச் சண்டை என்று விட்டிருந்தேன்.

எண்பத்தாறில் விட முடியாமல் போய்விட்டது. அந்த அக்டோபரில் என் வீட்டுக்காரர் தங்கராஜு, எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோர், காலையில் ஆட்களின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அனுப்பும்போது டாக்டர் ஒரு காகிதத்தில் குழாய் மாதிரி வரைந்து, முக்கால்வாசியைப் பேனாவால் அடைத்துக் காட்டினார். அத்தனையும் கொழுப்பாம். ஆட்டுக்கறி, தேங்காய்ப்பால், நெய், பொரித்தது எதுவும் ஆகாது, இன்னொரு தடவை வந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஒன்றரை மாதம் கஞ்சியும் அவித்த கீரையும்தான். மனுஷன் பேசுவதையே நிறுத்திவிட்டார். டிசம்பர் பிறந்ததும் ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நல்லா கேட்டுக்க நவமணி. கிறிஸ்மஸ் அன்னிக்கு ஊரே ஒக்காந்து சாப்புடும்போது என்னைய மட்டும் நோயாளியாட்டம் மூலைல வச்சு கஞ்சி ஊத்துன, அக்கா கறியைத் தின்னுட்டு ஒரேடியா போய்ச் சேந்துருவேன்."

"வாயைக் கழுவுங்க!" என்று கத்தினேன். கத்திவிட்டு, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அவர் சும்மா மிரட்டுகிற ஆளில்லை. கறிச்சட்டி முன்னால் இருந்து, "ஒரு துண்டுதான தம்பி" என்று அக்காவும் சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. எனக்கு அந்த மனுஷன் உயிரோடு வேண்டும். மூலையில் அல்ல, எல்லோருக்கும் நடுவில் வேண்டும்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும்? மூன்று நாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டே யோசித்தேன். அவருக்கென்று தனியாக ஒன்றும் ஆக்கக் கூடாது. அவர் சாப்பிடக் கூடியதையே லயம் முழுக்கச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்கவும் வேண்டும். எல்லாவற்றையும் நாலு மணி பஸ் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். இராஜம்மா வரும்போது அடுப்பில் அவளுக்கு இடமே இருக்கக் கூடாது.

இருபத்தொன்றாம் தேதி ஆச்சாரில் ஆரம்பித்தேன். வெள்ளரி, காரட், முட்டைக்கோபிஸ், அன்னாசி எல்லாவற்றையும் நறுக்கி, உப்புப் போட்டு வெயிலில் வாட்டி, காடியில் ஊறவைத்து, வறுத்த எள்ளும் இடித்த கச்சான் கடலையும் தூவினேன். ஆச்சார் மூன்று நாள் ஊறினால்தான் ஆச்சார். பக்கத்து வீட்டு வேலம்மா மணம் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, மார்கழியில நாங்க கவுச்சி தொட மாட்டோம்னு தெரியும்தான? வருசா வருசம் உங்க வீட்டுக்கு வந்து ஆரஞ்சுத் தண்ணி குடிச்சிட்டுப் போறோம். இதைச் சாப்பிடலாம் போல இருக்கே?"

"இதுல மீனு, முட்டை ஒண்ணும் இல்லடி. வந்து வயிறு முட்டச் சாப்புடு. அதுக்கு முன்னால உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் மோட்டாரோட அனுப்பு."

இருபத்துமூன்றாம் தேதி வேலம்மாவின் கணவர் சேதுவின் மோட்டார் சைக்கிளில், மீன் வந்து இறங்குகிற பாசிர் பெனம்பாங் போனேன். தோட்டத்து லைட்டு சாயங்காலம் வந்து இரவில் போய்விடுகிற ஊரில் ஐஸ்பெட்டி எதற்கு ஆகும்? அதனால் மீன்கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் நல்ல செனாங்கின் மீனோடு, இரண்டு வெள்ளை நுரைப்பெட்டியும் பெட்டி நிறைய ஐஸும் கேட்டு வாங்கி வந்தேன். ஐஸைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பனைவெல்லம் குறைவாகப் போட்டு, பண்டான் இலைச் சாறு விட்டுக் காய்ச்சிய கடற்பாசி அகர் அகரையும் தட்டுத் தட்டாக அதற்குள்ளேயே அடுக்கி வைத்தேன்.

மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால், ஐயோ, கடற்கரையே எழுந்து வந்துவிட்டது. பத்து வருடம் இறால் ஏற்றிய பெட்டி. அந்த வாடை முழுவதையும் என் அகர் அகர் குடித்து வைத்திருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார்.

"பேஷ்! இறால் அகர் அகர். இதைச் சீனன் கடையில கூடப் பாத்ததில்ல புள்ள."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் பல் தெரியச் சிரித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நம் ஊர்ச் சூட்டிலேயே இறுகிவிடுகிற அகர் அகருக்கு எதற்கடி ஐஸ், பேராசை பிடித்தவளே என்று என்னையே திட்டிக்கொண்டு, தட்டுகளைக் கழுவி மறுபடி காய்ச்சினேன். மீனுக்கு எலுமிச்சை, இஞ்சி, பச்சை மிளகாய் அரைத்துத் தடவி வாழையிலையில் கட்டினேன். நாற்பத்தைந்து பொட்டலம். கோழியைத் தோலுரித்து மிளகு ரசத்துக்குத் தயார் செய்து அதையும் ஐஸில் வைத்தேன். ஓர் அடுப்பில் ஆவிச்சட்டியைத் தண்ணீரோடு ஏற்றினேன். இன்னொன்றில் சோற்றுப் பானை. விறகும் அடுக்கியாயிற்று, காலையில் தீக்குச்சி கிழித்தால் போதும். மணி மூன்றரை.

நாலேகாலுக்கு இராஜம்மா வந்தாள். நேராக அடுப்படிக்குப் போனவள் அப்படியே நின்றாள்.

"என்னா நவமணி, அடுப்புல எடமே இல்ல?"

"எல்லாம் முடிஞ்சிருச்சு அண்ணி. நீங்க போயி காலை நீட்டி ஒக்காருங்க."

இதைச் சொல்ல நான் பதினெட்டு வருடம் காத்திருந்தேன். அவள் முகம் சுருங்கும் என்று பார்த்தால், கலகலவென்று சிரிக்கிறாள்.

"நல்லதாப் போச்சு லா! நானும் வீட்டுலயே ஆக்கிட்டு வந்துட்டேன். எதுக்கு உனக்குச் சிரமம்?"

துணி மூட்டையை அவிழ்த்தாள். பெரிய தூக்குச்சட்டி நிறைய ஆட்டுக்கறி, தேங்காய்ப்பால் விட்டு, மேலே எண்ணெய் பளபளவென்று மிதந்துகொண்டு. வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு என்பது சும்மாவா? வாசம் போன வேகத்தில் என் வீட்டுக்காரர் உள்ளே வந்து நின்றார். முகமெல்லாம் வெளிச்சம்.

"அக்கா கறியா?"

"நாளைக்கு மொதத் துண்டு ஒனக்குத்தான் தம்பி. பாவம், பிள்ளை எலும்பும் தோலுமா கெடக்கான். கறி தின்னாத்தான் ஒடம்பு தேறும்."

கறியைச் சாக்கடையில் கவிழ்த்தால் என்ன என்று கை துடித்தது. கவிழ்த்திருந்தால் அவள் அடுத்த பஸ்ஸில் போயிருப்பாள், அவரும் பின்னாலேயே போயிருப்பார். ராத்திரிக்குள் கெட்டுப்போய்விடும், ஐஸில் வை என்று அவள் உத்தரவு போட்டதும், பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன். வெறுப்பில் சட்டியைச் சுற்றி இருந்த ஐஸ் அத்தனையையும் கொட்டி அமுக்கினேன்.

காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். பத்து மணிக்கு வாசல் பந்தலில் லயமே கூடிவிட்டது. எங்கள் பக்கம் வீட்டுக்காரர் முதல் தட்டு எடுத்தால்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அவர் மேசைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் மீன் தட்டை வைப்பதற்குள் இராஜம்மா முந்திக்கொண்டாள். நுரைப்பெட்டியிலிருந்து சட்டியைத் தூக்கி வந்து தம்பி முன்னால் வைத்து, "எல்லாரும் பாருங்க! இந்தா சூடு பண்ணிக் கொண்டாறேன்" என்று மூடியைத் திறந்தாள்.

கறியைக் காணோம். சட்டியின் வாய் முழுக்க வெள்ளை வெளேரென்று கொழுப்பு, ஒரு விரல் கனத்துக்கு உறைந்து கிடந்தது. பதினெட்டு வருடமும் அடுப்பிலிருந்து சுடச்சுட இறக்கிச் சாப்பிட்டவர்கள் நாங்கள். இதை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு கரண்டியை எடுத்து அதைத் தட்டினார். டொக் டொக் என்று சத்தம் வந்தது. அவர் கை தானாகச் சட்டை மேல் நெஞ்சுக்குப் போயிற்று.

"சூடு காட்டுனா உருகிரும் லா தம்பி," என்றாள் இராஜம்மா.

"உருகி எங்கக்கா போவும்? எனக்குள்ளதான போவும்?"

அவர் சட்டியை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நவமணி, மீனைக் கொண்டா."

பொட்டலத்தைப் பிரித்ததும் ஆவியும் எலுமிச்சை வாசமும் குப்பென்று எழுந்தது. சோற்றைப் பிசைந்து, மீனை வைத்து, ஆச்சாரைத் தொட்டுச் சாப்பிட்டார். கண்ணை மூடித் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், நாற்பது கையும் மேசையில் இறங்கியது. வேலம்மாவும் அவள் வீட்டு விரதக்காரர்களும் ஆச்சாரை மூன்று தரம் வாங்கினார்கள். ஒரு மணிக்குள் ஆவிச்சட்டி காலி, ரசப்பானை காலி, அகர் அகர் தட்டில் ஒரு துணுக்கு மிச்சமில்லை. ஜெயித்துவிட்டேன். பந்தலுக்கு நடுவில் நின்று கூவ வேண்டும் போலிருந்தது.

அடுப்படியில் இராஜம்மா தனியாக உட்கார்ந்து அந்தக் கொழுப்பைக் கரண்டியால் தோண்டித் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய கிண்ணம் நிறைந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் ஓடியது.

"இத்தினி வருசமா இதையா நவமணி அவனுக்கு ஊட்டுனேன்? எங்கம்மா போனதுலருந்து நான்தான வளத்தேன் அவனை!"

அவளைக் குத்திக்காட்ட என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். எனக்கு இருந்த அதே பயம்தான் அவளுக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. கடைசியாக ஒளித்து வைத்திருந்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே முள்ளு வரைக்கும் சப்பிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவளின் குரல் அடுப்படி வரை கேட்டது.

"மீனு எப்பிடி? நானும் நவமணியும் சேந்து செஞ்சது லா!"

நானும் நவமணியுமா? அடிப்பாவி அண்ணி! கரண்டியோடு வாசலுக்குப் பாய்ந்தேன். அங்கே என் வீட்டுக்காரர் கூட்டத்துக்கு நடுவில் காலி வாழையிலையை வழித்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் தட்டை நீட்டினார்.

"இன்னொன்னு இருக்கா புள்ள?"

திரும்பிப் போய் என் பங்கைக் கொண்டுவந்து அவர் தட்டில் வைத்தேன். பேரை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும், ஆள் எனக்குத்தான்.