மீந்த சாறு

ஞாயிறு, பகல் பன்னிரண்டரை மணி. ரொசேந்தோவின் இறால் வண்டி முன்னால் பெஞ்சில் எட்டுப் பேர். நானும் நெரெய்தா அக்காவும் ஒன்பது, பத்து. அக்காவுக்கு ஏழாம் மாதம். வண்டிக்காரர் அவளுடைய மாமனார். மெக்சிகோவில் எங்கள் ஊரான குவாய்மாஸ் துறைமுகத்து மீன் நாற்றம் எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். இன்று குமட்டியது அதனால் இல்லை.

ஒரு டாக்சிக்காரர் கிளாஸிலிருந்த இறாலைத் தின்றுவிட்டு, அது ஊறிய தக்காளிச் சாற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். விளிம்பில் உதடு பட்ட பிசுக்கு, ஒற்றை மீசை மயிர். ரொசேந்தோ ஈ ஓட்டுகிற சாக்கில் குனிந்து அந்த மிச்சத்தைப் பெரிய பானைக்குள் ஊற்றினார். அந்தப் பானையிலிருந்துதான் எல்லாருக்கும் ஊற்றுகிறார்.

சரியாகத்தான் பார்த்தேனா? வெயிலில் கண் கூசியது. ஒரு தடவை பார்த்ததைக் குறிப்பில் ஏற்றாதே என்று மாலை நர்சிங் வகுப்பில் சொல்வார்கள். காத்திருந்தேன். இரண்டாவது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் கிளாஸ். மூன்றாவது, இருமி இருமிக் குடித்த ஒருவருடையது. மென்று துப்பிய வெங்காயம் அதில் மிதந்தது. ரொசேந்தோ வெங்காயத்தை விரலால் வழித்து எறிந்துவிட்டுச் சாற்றை ஊற்றினார். என் வாயில் புளித்த நீர் சுரந்தது.

நான் சரிபார்த்து முடிப்பதற்குள் அக்காவின் கிளாஸ் வந்துவிட்டது.

"குடிம்மா, உள்ள இருக்கிற பேரன் கேக்குறான்," என்றார் ரொசேந்தோ.

அக்காவின் காதில் சொன்னேன்: "குடிக்காத. எச்சில். மத்தவங்க மிச்சத்தைப் பானையில ஊத்துறாரு."

"சும்மா இருடி. வகுப்புக்குப் போனதுலேர்ந்து உனக்குப் பச்சத் தண்ணியும் நாறுது."

"மூணு தரம் பார்த்தேன்க்கா."

அவள் கை நின்றது. மாமனார் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தனை பேர் முன்னால் கிளாஸைத் தள்ளிவிட்டு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாது. கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

நான் பிடுங்கிக் குடித்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. வெதுவெதுவென்று உப்பு, எலுமிச்சை, நடுவே யாருடையதோ சிகரெட் வாடை. கண்ணை மூடி விழுங்கினேன்.

"அடடே, டாக்டரம்மாவுக்கும் ஆசை வந்துடுச்சு!" என்றார் ரொசேந்தோ.

பெஞ்சே சிரித்தது. நான் ஒரு மடச்சி. எங்கள் ஊர் இறால் வண்டிகளில் சாறு குறைந்தால் கேட்காமலே நிரப்புவார்கள்; காலிக் கிளாஸ் கடைக்கு அவமானம். அது தெரிந்தும் கடைசிச் சொட்டுவரை குடித்திருக்கிறேன். ரொசேந்தோ அதே கிளாஸைத் தளும்ப நிரப்பி அக்கா கையில் திணித்தார்.

எழுந்துவிட்டேன். "யாரும் குடிக்காதீங்க! நீங்க மிச்சம் வச்சதெல்லாம் இந்தப் பானையிலதான் இருக்கு!"

ஒருவரும் துப்பவில்லை. "அதானே பார்த்தேன், இந்த ருசி வேற எங்கயும் இல்லையே!" என்றான் ஒரு லாரி டிரைவர். மறுபடி சிரிப்பு.

ரொசேந்தோ சிரிக்கவில்லை. "நெரெய்தா, நீ குடிச்சுக் காட்டு. இவ வாயை மூடட்டும்."

அக்கா கிளாஸை அவர் பக்கம் நீட்டினாள். "முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க மாமா."

"எனக்கு எதுக்கு? எனக்கு வயித்துல புண்ணு."

"ஒரே ஒரு வாய்."

அவர் துண்டை எடுத்துப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்தார். சிரிப்பு நின்றது. லாரி டிரைவர் தன் கிளாஸுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு ரோட்டோரம் போய்க் குனிந்தான்.

நான் கடல் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அக்கா என் தலைமுடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இனி அந்த வீட்டுக்கு எப்படிடி போவேன்? அம்மா வீட்டுக்கே நட," என்றாள். பத்தடி நடந்த பிறகு, "என் துணிமணி, குழந்தைக்குத் தச்சது எல்லாம் அங்க இருக்கு. நாளைக்கு நீதான் போய்க் கேக்கணும்."