முக்கால் கிளாஸ்

மணி ஒலித்ததும் பெர்னி முதல் கிளாஸைக் குழாய்க்குக் கீழே சாய்த்துப் பிடித்தாள். சவப்பெட்டி தேவாலயத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. இனி குழியருகே ஜெபம், வரிசையாகக் கைகுலுக்கல், அதற்குப் பிறகு கூட்டம் நேராக இங்கேதான் வரும். கறுப்பு பீரை ஒரே பிடியில் நிரப்பக் கூடாது. முக்கால் கிளாஸ் பிடித்து, கலங்கல் அடங்கும்வரை ஓரமாக வைத்து, அப்புறம்தான் மீதியை ஊற்ற வேண்டும். குளிரில் நின்றுவிட்டு வருபவர்களை அவ்வளவு நேரம் காக்கவைப்பது மரியாதையில்லை. அதனால் அடக்க நாட்களில் மணிச் சத்தம் கேட்டவுடனே முக்கால் கிளாஸ்களைப் பிடித்து அடுக்கிவிடுவது டான்ஸி பப்பின் வழக்கம். பெர்னிக்கு அதைப் பழக்கியவர் பப்பின் முதலாளி, கிழவர் டான்ஸி. இன்று பெட்டிக்குள் போய்க்கொண்டிருப்பவரும் அவர்தான்.

காலையில் அவருடைய மகன் பாரிக், கண்ணாடி முன்னால் கறுப்பு டையைச் சரிசெய்துகொண்டே சொல்லியிருந்தான்.

"நான் இன்னும் முடிவு பண்ணல பெர்னி. டப்ளின் பக்கத்துல ஒரு சூப்பர் மார்க்கெட்காரன் நம்ம பப்போட லைசென்ஸ விலைக்குக் கேக்கறான். புதுசா லைசென்ஸ் குடுக்க மாட்டாங்களாம். எங்கயாவது ஒரு பப்ப மூடினாத்தான் அவன் ஒயின் விக்க முடியும். இன்னிக்குக் கூட்டத்தப் பாப்போம். கடையில உசுரு இருந்தா நான் விக்க மாட்டேன்."

"இருக்கு. நீயே பாரு."

கல்யாணத்துக்கு முன்பே இந்தக் கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்றவள் அவள். புருஷன் செத்த பிறகு குடியிருப்பதும் பப்பின் மாடி அறையில்தான்.

இப்போது கதவு திறந்தது. நனைந்த கோட்டுகளும் மண் ஒட்டிய ஷூக்களுமாகக் கூட்டம் உள்ளே நிறைந்தது. சுவரோரம்கூட இடமில்லை. பெர்னிக்கு மூச்சு லேசானது. குழாயில் கை வைத்தாள்.

"எனக்கு ஒரு டீ," என்றார் மாஸி. முன்பெல்லாம் பப்பைச் சாத்த விடாமல் உட்கார்ந்திருந்த மாட்டுக்காரர்.

"என்ன மாஸி, உடம்பு சரியில்லையா?"

"வண்டில வந்திருக்கேன் பொண்ணே. பாலத்துக்கிட்ட போலீஸ்காரன் ஊதச் சொல்றான். ராத்திரி குடிச்சதுக்குக் காலைல மாட்டிக்கிட்டான் என் மச்சான்."

"வண்டிய விட்டுட்டு நடந்து போங்க."

"மாடு ஒண்ணு கன்னு போடற மாதிரி நிக்குது. நீ வந்து பாத்துக்கறியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பெட்டி தூக்கிய இளவட்டங்கள் கவுண்டரில் சாய்ந்தார்கள்.

"போதை இல்லாத பீர் இருக்கா பெர்னி?"

"அது ஃபாதருக்கு வாங்கி வெச்சது."

"ஃபாதர் எப்படியும் விஸ்கிதான் கேப்பாரு, அத எங்களுக்குக் குடுங்க," என்றான் ஒருவன். "ஞாயித்துக்கிழமை எங்களுக்கு மேட்ச் இருக்கு. கோச்சு கொன்னுருவான்."

முன்பெல்லாம் அடக்க நாட்களில் ஒருவர் மொத்தக் கூட்டத்துக்கும் வாங்கினால் அடுத்தவரும் வாங்கியாக வேண்டும். இன்று யாருமே ஆரம்பிக்கவில்லை. வயதான சிலர் மட்டும் தலைக்கு ஒரு கிளாஸ் வாங்கிப் போனார்கள். பெர்னி கெட்டிலை நிரப்பினாள், மறுபடியும் நிரப்பினாள். சாண்ட்விச் தட்டுகள் காலியாகின. யாரோ பாட ஆரம்பித்தார்கள். யாரோ அழுதார்கள். கோப்பையை ஏந்தியபடி மாஸி பாரிக்கின் தோளைப் பிடித்து, "இந்தப் பப்ப மட்டும் மூடிடாதப்பா. இது போனா ஊர்ல என்ன இருக்கு?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெண் குனிந்து முக்கால் கிளாஸ் வரிசையைப் படம் எடுத்தாள். "அழகா இருக்கு பெர்னி, அந்தக் காலம் மாதிரியே."

பெர்னிக்குப் பிடிபடவில்லை. இடம் கொள்ளாத கூட்டம். யார் முகத்திலும் குறையில்லை. ஆனால் வரிசை அப்படியே நின்றது. நுரை இறங்கிக் கிளாஸின் உட்புறம் பழுப்பு வளையமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

இருட்டுவதற்குள் கார்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

"நல்ல கூட்டம்," என்றான் பாரிக். "அப்பாவுக்குத் தகுந்த கூட்டம்."

"பாத்தியா?"

"பாத்தேன்." அவன் யாரும் தொடாத கிளாஸ் வரிசையைப் பார்த்தான். "அந்த சூப்பர் மார்க்கெட்காரன்கிட்ட நாளைக்குப் பேசிடறேன் பெர்னி. மாசக் கடைசி வரைக்கும் மாடி ரூம்ல இருங்க. அவசரம் இல்ல."

அவள் மேசைத் துணியை மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"நான் டீயே போட்டிருக்கக் கூடாதோ?"

"என்ன?"

"கெட்டில் வெச்சது தப்போ? டீ இல்லைன்னு சொல்லியிருந்தா குடிச்சிருப்பாங்களோ?"

அவனுக்கு அது விளங்கவில்லை. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கார் சாவியைத் தேடினான்.

"எனக்கும் ஒரு டீ போட்டுக் குடுங்களேன். டப்ளின் வரைக்கும் ஓட்டணும்."

பெர்னி கெட்டிலை வைத்தாள். தண்ணீர் சூடாவதற்குள், ஓரத்திலிருந்த முதல் கிளாஸை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு அடுத்தது. அடைத்துக்கொண்ட தொட்டியில் கறுப்பு மெதுவாகத்தான் இறங்கியது. வரிசையில் பாதி முடிவதற்குள் கெட்டில் கொதித்துவிட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு டீ ஊற்றினாள்.