ஒன்பது நொடி நடை

"தொண்ணூத்தினாலா? நான் ஒண்ணுதானே பிள்ளே எடுத்தேன்?"

"ஒண்ணு போலதான் காட்டும் சேச்சி. மூலையில குட்டியா ஒரு நம்பர் இருக்கு, பாத்தீங்களா? அதைத் தொட்டா உள்ள அடுக்கடுக்கா இருக்கு."

"ஒரே படம் தொண்ணூத்தினாலு தடவையா?"

"இல்ல இல்ல. ஒவ்வொண்ணுலயும் ஆள் ஒரு பொட்டு முன்னாடி போறாரு. நீங்க பட்டனை அமுக்கிப் பிடிச்சிட்டே நின்னிருக்கீங்க. வீடியோன்னு நெனச்சு போட்டோவா எடுத்துத் தள்ளியிருக்கீங்க. எங்க இக்கா பாத்தா, இந்தக் கையைக் கல்யாண வேலைக்குக் கூட்டிட்டு வான்னு சொல்லும்."

ரோஜா சிரிக்கவில்லை. ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்து, மேசைமேல் கிடந்த தன் மொபைலைக் குனிந்து பார்த்தாள். பதினொரு மாதமாக அவள் நாள் தவறாமல் பார்த்து வந்த படம் அது. அவள் புருஷன் சேவியரின் முதுகு. நீலக் கட்டம் போட்ட சட்டை, தோளில் பை, இரண்டு பக்கமும் பாசி பிடித்த மட்டாஞ்சேரிச் சுவர். வீடியோ எடுக்கப் போய்க் கடைசியில் ஒரு முதுகு மட்டும் மிஞ்சியது என்றுதான் நினைத்திருந்தாள். அந்த முதுகுக்குப் பின்னால் இன்னும் தொண்ணூற்று மூன்று சேவியர்கள் இத்தனை நாளும் மூச்சுக் காட்டாமல் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"செவப்பு வட்டத்தத் தொட்டாப் போதும்னு அவிய சொல்லித்தான் தந்தாவ. எனக்குத்தான் பதட்டம். வெரல எடுத்தா நின்னுரும்னு பயந்து எடுக்கவே இல்ல."

"எடுக்காதது நல்லதாப் போச்சு" என்றாள் ரஃபீனா.

சுக்குக் கிடங்குக்கு மேலே, மரப்படி ஏறி வரவேண்டிய அந்த ஸ்டுடியோ ரஃபீனா இக்கா என்று கூப்பிடும் அவள் அண்ணன் ஷமீலுடையது. அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம் கல்யாணமாக அலைவான்; கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவது இவள் வேலை. இன்று அவன் கலூரில் ஒரு நிக்காஹ்வில் இருந்தான். ரஃபீனாவின் வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாளம்; ரோஜாவின் பெயரைக்கூட மலையாளத்தில்தான் ஃபைலுக்கு வைத்தாள்.

ரோஜா வந்தது வேறு காரியத்துக்கு. கல்யாணப் படத்தில் சேவியரை மட்டும் பிரித்துப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர் மாதா கோயிலில் அவன் ஆத்துமாவுக்குப் பூசை. அவன் போனது தோப்பும்படித் துறையிலிருந்து ஒன்பது பேரோடு கிளம்பிய மீன்பிடிப் போட்டில். பதினெட்டாம் நாள் வயர்லெஸ் ஓய்ந்தது. பிறகு ஒரு நீலக் கேனும் பலகைத் துண்டும் அகப்பட்டன, ஆள் ஒருவரும் அகப்படவில்லை. உடம்பைக் காணாமல் பூசை வைக்க மாட்டேன் என்று சேவியரின் அம்மா பதினொரு மாதம் பிடிவாதமாக இருந்துவிட்டு, போன வாரம்தான் தலையசைத்தாள். ரோஜாவும் அதுவரை ஊர் திரும்பவில்லை. இறால் உரிக்கிற ஷெட்டில் வேலைக்கு நின்றுகொண்டு, சந்துக்குள் அதே ஒற்றை அறையில் இருந்தாள். போட்டு வந்தால் இந்தத் துறைக்குத்தானே வரவேண்டும்.

"சேச்சி, நடக்க வைக்கட்டே?"

"ஆரை?"

"சேட்டனைத்தான். செகண்டுக்குப் பத்து படம் ஓடவிட்டா வீடியோ ஆயிடும். ஒம்பது செகண்டுக்கு மேல வரும். ஒரு சாயா குடிச்சு முடிக்கிற நேரம் போதும் எனக்கு."

ரோஜா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒன்பது நொடி. ஒரு மனிதன் உயிரோடு இருப்பதற்கு அது போதாதா? அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கீழே லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களின் சத்தத்துக்கு மேலாக மொபைலில் கத்தினாள்.

"மாமி! மாமி, கேக்குதா? அவிய நடந்து போற வீடியோ இருக்கு! ஆமா, கடைசி நாளு எடுத்தது. இல்ல, போட்டோ இல்ல, நடக்குத வீடியோ. இப்ப அனுப்புதேன் மாமி."

அந்தப் பக்கத்தில் பேச்சு நின்று, மாமி கதவைத் திறந்து "ஏய், இஞ்ச வாங்க, எனக்க மொவன் நடக்கானாம்" என்று தெருவைக் கூப்பிடுவது கேட்டது.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு பயம் வந்தது.

அவர்கள் கரையில், கடலுக்கு இறங்குகிறவனைப் பின்னாலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள். அவன் சோற்றுச் சட்டியையே மறந்துவிட்டுப் போனாலும், யாராவது வேறு சந்து வழியாக ஓடி, சுற்றி வந்து, முகத்துக்கு முன்னால் நின்றுதான் கொடுப்பார்கள். வாசலில் நிற்கிற பெண்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்திப் பிடித்திருப்பார்கள். ரோஜாவும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் நின்றவள். அப்பாவை அனுப்பும்போது நின்றாள், அண்ணன்களை அனுப்பும்போது நின்றாள்.

ஆனால் அன்று கையில் மொபைல் இருந்தது. அவன் முந்தின வாரம் வாங்கிக் கொடுத்த பழைய மொபைல். சின்னத் திரைக்குள் அவன் முதுகு போய்க்கொண்டே இருந்தது, சிறுத்துக்கொண்டே இருந்தது. அவன் கரை திரும்ப ஒரு மாதமாகும்; அதுவரை பார்க்கப் போவது முதுகையா? சட்டென்று வாயிலிருந்து வந்துவிட்டது. "இஞ்சேருங்க! ஒருக்காத் திரும்புங்க!"

அவன் திரும்பினான். அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. விரல் அப்போதும் பட்டன்மேல்தான் இருந்ததா என்பது மட்டும் ஞாபகமில்லை.

போட்டைக் காணோம் என்ற சேதி வந்த இரண்டாம் நாள் மாமி அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். "எறங்கும்போது ஆராவது பின்னால விளிச்சியளா மக்களே?" ரோஜா "இல்ல மாமி" என்றாள். அந்த இரண்டு வார்த்தையின் மேல்தான் பதினொரு மாதமாக இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு இருந்தார்கள். தினம் ராத்திரி போனில் மாமி முதலில் விசாரிப்பது அவள் சாப்பிட்டாளா என்று.

"பிள்ளே, சத்தம் வருமா?"

"சத்தமா? போட்டோவில எப்பிடி சேச்சி சத்தம் வரும்? வேணும்னா ஒரு மியூசிக் போட்டுத் தரட்டே?"

"வேண்டாம். வேண்டாம்." கூப்பிட்ட சத்தம் மாமிக்குக் கேட்காது. ஆனால் கூடவே ஒரு துக்கமும் வந்தது. திரும்பி அவன் ஏதோ சொன்னதுபோலவும் இருந்ததே, அதுவும் வராது.

"கொஞ்சம் வெட்டி வெட்டித்தான் ஓடும்" என்றாள் ரஃபீனா, கையை நிறுத்தாமல். "ரெண்டு படத்துக்கு நடுவுல உள்ளதைக் கம்ப்யூட்டரே வரைஞ்சு சேக்கும். அப்ப நிஜமா நடக்கிற போல இருக்கும். போடட்டே?"

"கம்ப்யூட்டரு வரைஞ்ச காலு எப்பிடி அவியளுக்க காலாகும்? உள்ளது மட்டும் போதும்."

"சரி மேடம்" என்று ரஃபீனா தலையைக் குனிந்து வணங்கினாள். பிறகு ஒரு பட்டனைத் தட்டினாள்.

சேவியர் நடந்தான்.

ரோஜா இரண்டு கையாலும் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விந்தி விந்தி, பழைய கடிகாரத்து முள் நகர்வதுபோல நடந்தான். ஆனால் அவன் நடைதான். இடது தோள் இறங்கின நடை. பை முதுகில் துள்ளியது. ஒரு ஆடு சுவரோரம் வந்து, அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. அந்த ஆட்டை அவள் மறந்தே போயிருந்தாள். ஐந்து நொடி அவன் போய்க்கொண்டே இருந்தான். போய்விடுங்கள், இப்படியே வளைவு திரும்பிப் போய்விடுங்கள் என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

அவன் நின்றான். திரும்பினான்.

முகம். கல்யாண ஆல்பத்தில் போலீஸுக்கு முன்னால் நிற்பதுபோல விறைத்திருந்த முகமல்ல. ஓரம் உடைந்த பல் தெரிய, கண் சுருங்க, முழு முகமும் சிரித்துக்கொண்டிருந்தது. சிரித்தபடியே வலது கை மேலே வந்தது. ஒரு விரல் உதட்டின்மேல் பதிந்தது. தலை இப்படியும் அப்படியும் ஒருமுறை ஆடியது. பிறகு மறுபடி முதுகு, வளைவு, வெறும் சுவர்.

"அய்யோ, என் சேச்சி!" ரஃபீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நடுச் சந்தில நின்னு உம்மா குடுக்குறாரு! என்ன ஒரு ஆளு இவரு! சேச்சி, கல்யாண போட்டோவெல்லாம் வேண்டாம். இந்த முகத்தையே பெரிசா பிரிண்ட் போட்டுத் தரேன்."

"அது உம்மா இல்ல பிள்ளே."

"பின்னே?"

"மிண்டாதேன்னு சொல்லுதாவ. வாயத் தொறக்காதேன்னு."

ரஃபீனாவுக்குப் புரியவில்லை. ரோஜா சொன்னாள். அழாமல்தான் சொன்னாள், ஷெட்டில் இறால் தலையைக் கிள்ளிப் போடுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாகக் கிள்ளிப் போட்டாள். கரையில் உள்ள வழக்கம், தான் கூப்பிட்டது, மாமி கேட்டது, தான் சொன்ன பொய். எங்கள் ஊரில் நாலு வயசுப் பிள்ளைக்குக்கூட அந்த விரல் தெரியும் என்றாள்.

"அல்லாஹ்! ஒரு ஆளைக் கூப்பிட்டா கடல்ல போட்டு முங்குமா சேச்சி? நீங்களே சொல்லுங்க."

"முங்காது. எனக்குத் தெரியும்." ரோஜா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பகல்ல தெரியும்."

சுக்கின் காரம் பலகை இடுக்கு வழியாக ஏறி வந்து கண்ணைக் கரித்தது. வீடியோ தானாகவே முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. ஐந்தாம் நொடி வரும்போது ரோஜாவின் வாய் தன்னை அறியாமல் திறந்து மூடியதை ரஃபீனா பார்த்தாள். கை நீட்டி நிறுத்தினாள்.

"மாமிக்கு அனுப்பாம இருந்தா?"

"தெருவையே கூட்டி வச்சிருக்காவ."

"அப்ப ஒண்ணு செய்யலாம். திரும்புறது பதினாலு படம். அதை மட்டும் எடுத்துட்டு மிச்சம் அனுப்பலாம். முழுசு உங்க கையில இருக்கட்டும். அந்த அம்மாவுக்கு மகன் நடக்கிறதுதானே வேணும்?"

ரோஜா தலையசைத்தாள். அந்தப் பதினாலு சின்னக் கட்டங்களும் திரையின் அடியில் மஞ்சளாகி, ஒரு தட்டில் காணாமல் போயின. ரஃபீனா ஓட்டிக் காட்டினாள். சேவியர் நடந்தான், நடந்தான், ஐந்தாம் நொடியில் யாரோ பிடித்துத் தள்ளினதுபோல ஒரு குதி குதித்து மேற்கொண்டு நடந்தான்.

"இங்க வெட்டு தெரியுது" என்றாள் ரஃபீனா, தயங்கித் தயங்கி. "ரெண்டு அடி கம்ப்யூட்டரை வரையச் சொன்னா சரியாயிடும். நீங்க வேண்டாம்னு சொன்னீங்க."

ரோஜா தன் கைகளைப் பார்த்தாள். உப்பில் ஊறி வெளுத்து, நகக்கண் வெடித்த விரல்கள். அந்த வலது பெருவிரல்தான் விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது.

"வரையச் சொல்லு."

இப்போது அவன் அழகாக நடந்தான். எங்கேயும் நிற்காமல், எங்கேயும் தடுக்காமல், பின்னால் ஒருத்தி நிற்கிறாள் என்ற நினைப்பே இல்லாதவன்போல நடந்து வளைவில் மறைந்தான். அந்த நடுவிலுள்ள இரண்டு அடி எதுவென்று கண்டுபிடிக்க ரோஜா மூன்று முறை பார்த்தாள். தெரியவில்லை. அவன் கால் எது, வரைந்த கால் எது என்று அவளுக்கே தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ரஃபீனா எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல சேச்சி, ஒண்ணுமில்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீடியோ மொபைலுக்கு வந்து சேர்ந்தது. ரோஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமியின் பெயரை எடுத்தாள். ஒன்பது நொடி எட்டாகச் சுருங்கியிருந்தது. அனுப்புவதற்கான அம்புக்குறியின்மேல் விரலைக் கொண்டுபோனாள்.

அதற்குள் மாமியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. விரல் பட்டு அது ஓடத் தொடங்கியது. பின்னால் பெண்களின் பேச்சு, ஒரு குழந்தையின் சிணுங்கல், நாற்காலி இழுபடும் சத்தம். அவற்றுக்கு நடுவில், நீண்ட நாளுக்குப் பிறகு கொஞ்சம் தெம்பாக மாமியின் குரல்.

"மக்களே, அடுத்த வீட்டுப் பெரிய டிவியில போட்டுத் தாராவளாம். எல்லாரும் வந்தாச்சு. அந்தக் கடைக்காரப் பிள்ளைட்ட ஒரு காரியம் சொல்லுவியா? அவனுக்க முகம் வருத இடத்துல மட்டும் கொஞ்ச நேரம் ஓடாம நிறுத்தி வைக்கச் சொல்லு, மக்களே. நான் கிட்டப் போயி ஒருக்காத் தொட்டுப் பாக்கணும்."